ஐந்தாவது தலையணை

ஜனவரி 9
கடவுள் துணை

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே நான் சுகம், அத்தானும் சுகம். குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா என்பதை முதலில் எழுது.

உங்கள் கடையிலிருந்து ஆர்டர் தாள் நேற்று வந்தது. நாற்பது என்று படித்துவிட்டு மெஷினைத் துடைக்கப் போய்விட்டேன். கத்திரி அக்காதான் வாங்கிப் பார்த்து, "ஏய், இதுல ரெண்டு சைபர் இருக்கு" என்றாள். துணி வெட்டுகிறவள் அவள். எங்கள் தையல் கூடத்து ஆறு பேரில் மூத்தவள், வாயும் கத்திரிதான். நானூறு தலையணை. ஐந்து நிமிடம் ஒரு மெஷினும் ஓடவில்லை. கீழே சைக்கிள் கடைக்காரர் மேலே வந்து, "கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டார்.

இதுவரை ஒரே மாதத்தில் நாங்கள் தைத்தது அதிகபட்சம் அறுபது. மூன்று பக்கமும் மற்றவர்கள் மெஷினில் தைத்துக் கொடுக்க, பஞ்சு அடைத்து நாலாவது பக்கத்தைக் கையால் மூடுவது நான். இனி நாளைக்கு எத்தனை மூட வேண்டும் என்று நோட்டில் போட்டுப் பார்த்தேன். போட்டதை இரண்டு தடவை அடித்துத் திருத்தினேன்.

போனில் பேசு பேசு என்கிறாய். போனில் சத்தம்தான் வருகிறது; கடிதத்தில்தான் விவரம் வருகிறது. இதுவே எனக்கு வசதி.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு, நான் நலம். காதை மூடிக்கொண்டுதான் போகிறேன். உனக்கும் அத்தானுக்கும் என் வணக்கம்.

இந்த நானூறு எங்கள் கடைக்காரம்மா ஆசைப்பட்டு வாங்குவது மட்டும் இல்லை. இரு நாட்டு வணிகச் சங்கங்களும் சேர்ந்து செய்திருக்கும் ஏற்பாடு இது. வீட்டிலும் சின்னக் கூடங்களிலும் செய்யும் பொருள்களை இங்குள்ள கடைகள் தரகர் இல்லாமல் நேராக வாங்கும். முதலில் ஒரே ஒரு கூடத்தின் சரக்கு சோதனையாக வரும். அது ஒழுங்காக வந்து சேர்ந்தால், உங்கள் ஊர் மெழுகுவத்திக்காரர், கூடை பின்னுகிறவர்கள், தோல் பை தைக்கும் அண்ணன் தம்பி எல்லோருடைய சரக்கும் அடுத்த கன்டெய்னரில் ஏறும். வராவிட்டால் யாருடையதும் ஏறாது. சோதனைக்கு உன் பெயரைக் கொடுத்தது நான். கிடங்கில் மூட்டை அடுக்குகிற நான் சிபாரிசு செய்ததே இங்கே பெரிய பேச்சு.

விதிகள் தனித்தாளில் இருக்கின்றன. முக்கியமானவை மூன்று. மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டி, தேதியும் யார் மெஷின் என்பதும் எழுத வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அன்று தைத்ததெல்லாம் கழிவு. அடுத்தது, சோதனைக்கு இரண்டு தலையணை அனுப்ப வேண்டும், கொளுத்திப் பார்ப்பார்கள். கடைசியாக, "உள்ளே பஞ்சு மட்டும்" என்ற உறுதிமொழியில் நீ கையெழுத்துப் போட வேண்டும்.

அத்தான் உன் கடிதத்தின் ஓரத்தில் இரண்டு வரி கிறுக்குவாரே. ரொம்ப நாளாகக் காணோம். சோம்பல் பிடித்துவிட்டதா என்று கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 14
கடவுள் துணை

அன்புத் தம்பிக்கு ஆசிகள். உன் கடிதம் வந்த அன்று எங்கள் கூடம் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. தலையணையைக் கொளுத்துவார்கள் என்று படித்துக் காட்டினேன்.

"நம்ம தலையணை மேல அவங்களுக்கு என்ன கோவம்?" என்றாள் கடைக்குட்டி. ஆறு பேரில் வயதில் சின்னவள்.

"தூங்குறவன் பீடியைப் போட்டுட்டா பத்திக்குமான்னு பாக்குறாங்கடி" என்றாள் கத்திரி அக்கா.

"அப்ப பீடியத்தானே தடுக்கணும்."

இரண்டு நல்ல தலையணையாகப் பார்த்து அனுப்பிவிட்டேன். கொளுத்தப் போகிறோம் என்று தெரிந்தே உறையை இஸ்திரி போட்டேன்.

ஊசி நோட்டு மட்டும் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. போன வாரம் கடைக்குட்டியின் மெஷினில் ஊசி உடைந்தது. இரண்டு துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. அரை நாள் ஆறு பேரும் தரையில் தவழ்ந்தோம். கடைசியில் அவள் பாவாடை ஓரத்திலேயே குத்திக்கொண்டிருந்தது. மூன்று துண்டையும் ஒட்டித் தேதி போட்டேன். உலகத்தில் எது உடைந்தாலும் இப்படி எல்லாத் துண்டும் கிடைக்க ஒரு விதி இருந்தால் தேவலை.

அத்தான் நலம். வேலையாக இருக்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்கா, எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம்.

தலையணைகள் கொளுத்தப்பட்டு, தேறிவிட்டன. சான்றிதழை இதோடு வைத்திருக்கிறேன். கடையில் விலைச் சீட்டும் அச்சாகிவிட்டது. நீ கேட்ட விலைக்கு ஆறு மடங்கு. ஏமாற்று என்று நினைக்காதே. கப்பல், வரி, கடை வாடகை என்று பட்டியல் நீளம். ஆனாலும் அந்தச் சீட்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். "உங்க அக்கா இந்தத் தையலைக் கையிலேயா போடுறாங்க?" என்று கடைக்காரம்மா மூன்று தரம் கேட்டார்.

ஏப்ரல் முதல் வாரத்துக்குள் சரக்கு துறைமுகம் சேர வேண்டும்.

இங்கே நல்ல தோல் செருப்பு தள்ளுபடியில் கிடைக்கிறது. அத்தானின் கால் அளவு எழுது.

உன் தம்பி


ஏப்ரல் 2
கடவுள் துணை

அன்புத் தம்பிக்கு, கடவுள் கிருபையால் எல்லோரும் நலம்.

நானூறும் போய்விட்டன. அட்டைப்பெட்டி இருபது, பெட்டிக்கு இருபது. படி குறுகல் என்பதால் சைக்கிள் கடைக்காரர் கயிறு கட்டி ஜன்னல் வழியே இறக்கினார். தெருவே வேடிக்கை பார்த்தது. மெழுகுவத்திக்காரர் மனைவியோடு வந்து நின்று, ஏதோ பெண்ணை அனுப்பி வைப்பதுபோல் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கத்திரி அக்கா, "நல்லபடியா போய்ச் சேரட்டும்னு உன் சாமிகிட்ட சொல்லி வை" என்றாள். சொல்லியாயிற்று என்றேன். "எப்ப?" என்றாள். ஒவ்வொன்றாக என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

விலையைக் கேட்டதும் கடைக்குட்டிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆறு மடங்கு கொடுத்து வாங்குகிறவர்களுக்குத் தூக்கம் வராமலா போகும் என்கிறாள்.

செருப்பு அளவு ஒன்பது. ஆனால் வாங்காதே. பழையதே நன்றாக இருக்கிறது.

உன் அக்கா


மே 21

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. தவறாக நினைக்காதே.

சரக்கு சுங்கத்தில் நிற்கிறது. பஞ்சில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க ஐந்து தலையணையைக் கிழித்திருக்கிறார்கள். பூச்சி இல்லை. ஐந்திலும் ஒவ்வொரு காகிதச் சீட்டு இருந்திருக்கிறது. சுருட்டி, நூல் சுற்றி, நட்டநடுப் பஞ்சில். அவர்களுக்குத் தெரியாத எழுத்து. "உள்ளே பஞ்சு மட்டும்" என்று நீ கையெழுத்துப் போட்ட தாள் பக்கத்திலேயே இருக்கிறது.

சீட்டுகளைப் படித்துச் சொல்ல என்னையே கூப்பிட்டார்கள். ஒரு மேஜை, இரண்டு அதிகாரிகள், கண்ணாடித் தட்டில் ஐந்து சீட்டு. எல்லாம் உன் கையெழுத்து. "இதில் தலை சாய்க்கிறவருக்கு நல்ல தூக்கம் கொடும்." நான்கில் இதேதான். ஐந்தாவதில் வேறு. அதைப் படித்துவிட்டு நான் தண்ணீர் கேட்டேன். "இதிலும் அதேதான் எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர்களும் குறித்துக்கொண்டார்கள்.

அக்கா, அதில் இருந்ததை நான் இங்கே எழுதவில்லை. நீயே எழுது. அது உண்மையா?

தம்பி


ஜூன் 4
கடவுள் துணை

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. என் புத்தியால் உனக்கு வந்த தலைக்குனிவை எப்படி மாற்றுவேன்.

நான் மறைக்க நினைத்து வைக்கவில்லை. ஒவ்வொரு தலையணையை மூடும்போதும் அதில் படுக்கப் போகிறவருக்காக ஒரு வரி வேண்டிக்கொள்வது என் வழக்கம். மாதம் அறுபது தைத்தபோது வாய்க்குள் சொல்லிவிடுவேன். நானூறு என்றதும் எதற்குச் சொன்னேன், எதற்குச் சொல்லவில்லை என்று குழம்பிவிட்டது. யாரோ ஒருவர் மட்டும் விடுபட்டுப் போனால் அது என்ன நியாயம்? எழுதி வைத்துவிட்டால் எண்ணிக்கை தவறாது என்று எழுதினேன். வேண்டுதல் ஒரு பொருள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டியின் எடைகூட மாறவில்லை.

மொத்தம் நானூறு சீட்டு. முந்நூற்று எண்பத்தொன்பது தூக்கத்துக்கு. பதினொன்று வேறு. அந்தப் பதினொன்றில் ஒன்று அவர்கள் கையிலா கிடைக்க வேண்டும்.

நீ சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும். அதைப்பற்றி இனி எழுதாதே.

அத்தான் நலம்.

அக்கா


ஜூன் 20

அக்கா,

"அத்தான் நலம்" என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

இதோ ஐந்தாவது சீட்டு. நான் மறக்க முயன்றும் வரி மாறாமல் நினைவிருக்கிறது. "கடவுளே, அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கி வருகிறேன் என்று போனார். எங்கே இருக்கிறார் என்பது உமக்குத் தெரியும். எனக்குச் சொல்ல வேண்டாம். யாரும் கேட்பதற்கு முன்னால் அவரை அனுப்பிவிடும்."

பதினான்கு மாதம். செருப்புக்கு அளவு எழுதினாயே. போன் வேண்டாம் என்றது இதற்குத்தானா? நான் என்ன, ஊரானா?

என்னிடம் நீ சொன்ன பொய்யை அப்புறம் பேசலாம். நான் சொன்ன பொய் இப்போது பிடிபட்டுவிட்டது. அந்தச் சீட்டு மட்டும் நீளமாக இருப்பதைப் பார்த்துவிட்டு வேறொருவரை வைத்துப் படித்திருக்கிறார்கள். நம் மொழி தெரிந்த ஒரு கிழவராம். மறுபடி கூப்பிட்டு, "ஏன் மாற்றிச் சொன்னாய்? இது ஏதாவது ரகசியத் தகவலா?" என்று கேட்டார்கள். "என் அக்காவுடைய மானம்" என்றேன். அந்த வார்த்தைக்கு அவர்கள் படிவத்தில் இடம் இல்லை.

ஒரே வழி இருக்கிறது. சீட்டு வைத்தது யார், ஏன், அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று முழு வாசகத்தோடு ஒரு வாக்குமூலம். உங்கள் கூடத்தின் ஆறு பேரும் அதைப் படிக்கக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஜூலை 20க்குள் வராவிட்டால் சரக்கை அழித்துவிடுவார்கள். உங்கள் கூடம் இனி இந்த நாட்டுக்கு எதுவும் அனுப்ப முடியாது. மெழுகுவத்திக்காரருக்கும் மற்றவர்களுக்கும் இந்த வழி அடைபட்டுவிடும். நான் இப்போது வேலையில் இல்லை. முடிவு தெரியும்வரை வீட்டில் இரு என்றிருக்கிறார் கடைக்காரம்மா.

எழுதுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். நான் கட்டாயப்படுத்தவில்லை.

தம்பி


ஜூலை 7
கடவுள் துணை

தம்பி,

வாக்குமூலம் இதோடு இருக்கிறது. ஆறு கையெழுத்து. சரிபார்த்துக்கொள்.

உன் கடிதத்தைப் ஆறு நாள் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். தாமதத்துக்கு மன்னித்துவிடு. ஏழாவது நாள் மெழுகுவத்திக்காரர் படியேறி வந்து, "கப்பல் போய்ச் சேர்ந்துடுச்சாம்மா?" என்று கேட்டார். அவர் இறங்கிப் போனவுடன் மெஷின்களை நிறுத்தச் சொன்னேன்.

நின்றுகொண்டு படித்தேன். அத்தான் வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிறார் என்றுதான் இவர்களிடம் சொல்லியிருந்தேன். முதலில் தூக்கச் சீட்டைப் படித்தேன், பிறகு மற்றதை. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. கடைக்குட்டிதான் முதலில் வாய் திறந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"ஒரு ஊசி முனைக்காக அரை நாள் தரையில உருண்டேன். நீங்க என்னடான்னா காகிதத்த உள்ள தள்ளிட்டு இருந்திருக்கீங்க."

கத்திரி அக்கா கத்திரியைக் கீழே வைத்தாள். "புருஷன் போனத எங்ககிட்ட சொல்லாதது உன் இஷ்டம். அது உன் வீடு. அத எங்க தலையணைக்குள்ள வச்சுத் தைக்க உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

ஐயோ பாவம் என்பார்கள், அதை எப்படித் தாங்குவது என்றுதான் இத்தனை மாதமும் பயந்திருந்தேன். ஒருத்திக்கும் பாவமாக இல்லை. எல்லோருக்கும் கோபம்.

"எந்தப் பதினோரு தலையணைன்னு தெரியுமா?" என்றாள் கத்திரி அக்கா.

"தெரியும். நோட்டுல இருக்கு."

"அது வேற இருக்கா" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பிறகு ஆளுக்கு ஒரு கையெழுத்துப் போட்டார்கள். போட்டுவிட்டு ஒரு தீர்மானமும் செய்தார்கள்: இனித் தலையணையை மூடும் வேலை என் கைக்கு வரக் கூடாது. ஊசி நோட்டும் பெட்டிக் கணக்கும் மட்டும் நான். மூடுவது கத்திரி அக்கா. சரி என்றேன். சரியான தண்டனைதான். ஆனாலும் சாயங்காலம் விரல்கள் சும்மா இருப்பது என்னவோ போல் இருக்கிறது.

அன்று கத்திரி அக்கா என் கூடவே வீடு வரை வந்தாள். கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தாள். மறுநாள் தாழ்ப்பாளும் திருப்புளியுமாக வந்து நின்றாள். மாட்டக் கூடாது என்று தடுத்துவிட்டேன். மாட்டிவிட்டால் அவர் வாங்கி வருவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விடும். "உன்னோட முடியாது" என்று திட்டிக்கொண்டே எடுத்துப் போனாள்.

உன்னிடம் மறைத்ததற்கு என்ன சொல்ல. முதல் மாதம், வந்துவிடுவார் என்று எழுதவில்லை. இரண்டாம் மாதம், முதல் மாதம் எழுதாததால் எழுதவில்லை. அப்படியே போய்விட்டது.

உனக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும். அதை மட்டும் வாயால் வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு, நான் நலம். நீ தனியாக எப்படி இருக்கிறாய் என்று எழுது. மறைக்காமல் எழுது.

சரக்கு வெளியே வந்துவிட்டது. மீதி முந்நூற்றுத் தொண்ணூற்றைந்தையும் பிரித்துச் சீட்டுகளை எடுக்கச் சொன்னார்கள். நானும் கிடங்கு ஆட்கள் இரண்டு பேரும் ஒன்பது நாள் பிரித்தோம், மறுபடி மூடினோம். என் தையலைப் பார்த்தால் நீ மயங்கி விழுவாய். கடைக்காரம்மா என்னை மறுபடி சேர்த்துக்கொண்டார். இரண்டே வாரத்தில் முந்நூறு விற்றுவிட்டது. நாலாவது பக்கம் உன் கைத்தையல் இல்லை என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு வருத்தம். அறுநூறுக்கு அடுத்த ஆர்டர் இதோடு இருக்கிறது. மெழுகுவத்திக்காரருக்கும் கூடைக்காரர்களுக்கும் தோல் பைக்காரர்களுக்கும் தனித்தனியே கடிதம் போயிருக்கிறது.

இன்னொன்று. சொல்லாமல் இருக்கப் பார்த்தேன். இனிமேல் நமக்குள் அது வேண்டாம். ஐந்தாவது சீட்டைத் திருப்பித் தரவில்லை. முத்திரை குத்திக் கோப்பில் வைத்துவிட்டார்கள், ஏழு வருடத்துக்கு. கோப்பின் நகல் ஒன்று கேட்டு வாங்கினேன். அவர்கள் மொழியில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

"அனுப்புநர்: தையல் தொழிலாளி. பெறுநர்: கடவுள். முகவரி: இல்லை. பொருள்: காணாமற்போன கணவர். மேல் நடவடிக்கை: தேவையில்லை."

அன்புடன்
உன் தம்பி


செப்டம்பர் 3
கடவுள் துணை

அன்புத் தம்பிக்கு, நான் சுகமாக இல்லை, மோசமாகவும் இல்லை. இரவில் நான்கு மணி நேரம் தூங்குகிறேன். மறைக்காமல் எழுதச் சொன்னாய்.

உன் கடிதத்தில் கடைசி வரியைப் படித்ததும் முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. முகம் தெரியாத ஒரு அதிகாரி, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று எழுதிவிட்டார். அவரைக் கோபித்து என்ன பயன்? நானும் அதைத்தானே செய்திருக்கிறேன். கடவுளிடம் கொடுத்துவிட்டு, போலீஸில் ஒரு புகார்கூடக் கொடுக்கவில்லை. உடைந்த ஊசிக்கு அரை நாள் தேடியவள் அத்தானைத் தேட ஒரு தெரு தாண்டவில்லை. அன்று சாயங்காலம் அழக்கூட முடியவில்லை.

மறுநாள் கூடத்துக்குப் போய், இன்று விடுப்பு வேண்டும், காவல் நிலையம் போகிறேன் என்றேன். கத்திரி அக்கா, "அறுநூறு தலையணைய வச்சுக்கிட்டு விடுப்பா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினாள். பார்த்தால் ஆறு பேரும் கிளம்பிவிட்டோம். கூடத்தைப் பூட்டிச் சாவியைச் சைக்கிள் கடையில் கொடுத்தோம்.

அங்கே புகார் எழுதுகிறவர் எல்லாவற்றையும் கேட்டார். உயரம், நிறம், கடைசியாகப் போட்டிருந்த சட்டை, பல்லில் அடையாளம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இத்தனை தெரிந்து வைத்திருக்கிறேனே என்று எனக்கே திகைப்பாக இருந்தது. பிறகு பேனாவை நிறுத்தினார்.

"காணாமப் போயி இருபது மாசம் ஆச்சுன்னு சொல்றீங்க. இத்தன நாள் ஏம்மா வரல?"

பின்னாலிருந்து கத்திரி அக்கா சொன்னாள்: "ஆர்டர் இருந்துச்சு சார். கைக்கு ஓய்வே இல்ல."

"ஆமா சார், வெளிநாட்டு ஆர்டர்" என்றாள் கடைக்குட்டி.

அவர் ஆறு பேரையும் ஒருமுறை பார்த்தார். தாமதத்துக்குக் காரணம் வேலை மிகுதி என்று எழுதினார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். ஆர்டர் வந்தது இந்த வருட ஜனவரியில். அத்தான் போனது அதற்கு முந்தைய ஜனவரி. கணக்கு உதைக்கிறது. நான் திருத்தச் சொல்லவில்லை. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். எடுக்கிறேன்.

உன் அக்கா